கண்ணில் படாத வீடும் நிற்காமல் போன பஸ்ஸும்

கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதை நாடு என்கிறார்கள். தேவனூர் நாடு, எடப்புளி நாடு என்று மலை முழுக்க நாடுகள். அந்தக் கணக்கில் நானும் வெளிநாடு போய் வந்தவன்தான். பாஸ்போர்ட் கேட்கவில்லை. எல்லையில் சுங்கச் சோதனை மட்டும் உண்டு. அடிவாரத்தில் சாப்பிட்டதை எல்லாம் வளைவுகளில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். நான் ஒரு செட் பரோட்டாவை ஒப்படைத்தேன். ஜன்னலோரம் இடம் கொடுத்த பெரியவர் புளிப்பு மிட்டாய் ஒன்றைக் கையில் வைத்து, "இன்னும் பாதி மலை இருக்குதுங்க, மிச்சம் மீதி இருந்தா வச்சுக்கங்க" என்றார்.

போனது வேலை விஷயமாக. சென்னையில் நான் ஆர்க்கிடெக்ட். 'இயற்கையோடு இயைந்த வீடுகள்' என்று விசிட்டிங் கார்டில் அச்சடித்து வைத்திருக்கிறேன். குடியிருப்பது வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடியில். அதுவும் சுற்றுப்புறத்தோடு இயைந்த வீடுதான். சுற்றுப்புறம் என்பது பக்கத்து பிளாக்கின் பாத்ரூம் ஜன்னல்.

வேலை கொடுத்தவர் செல்வி. தேவனூர் நாட்டில் பிறந்து, நெதர்லாந்தில் வேலை பார்ப்பவர். மலையில் தனியாக இருக்கும் அம்மாவுக்குப் புது வீடு கட்ட வேண்டும். போனில் ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார்: "ரோட்டுல நின்னு பார்த்தா அங்க ஒரு வீடு இருக்குறதே தெரியக்கூடாது சார்."

இத்தனை வருஷத்தில் நான் கட்டிய கட்டடங்களைப் பார்த்துவிட்டு இதே ஆசையைப் பலர் வெளியிட்டிருக்கிறார்கள். கட்டுவதற்கு முன்பே கேட்டு வாங்கியவர் இவர் ஒருவர்தான்.

வரைபடங்களை நீளமான குழாயில் போட்டுத் தோளில் மாட்டியிருந்தேன். கண்டக்டர் அதைத் தட்டிப் பார்த்து, "எந்த ஊர் கல்யாணத்துக்குங்க வாசிக்கப் போறீங்க?" என்றார். ஆர்க்கிடெக்ட் என்றேன். "ஓ, இஞ்சினீரு" என்றார். இரண்டும் வேறு என்று விளக்க வாயைத் திறந்தேன். வளைவு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு மலையில் இருந்தவரை நான் இஞ்சினீருதான்.

சந்தை ஊரான சோளக்காட்டில் பாதி பஸ் இறங்கி, அதற்குப் பதிலாகப் பலாப்பழங்கள் ஏறின. அங்கிருந்து கொஞ்ச தூரம். பனி இறங்கிக்கொண்டிருந்த நேரம். வெளியே மரமா, மலையா, மாடா என்று தெரியாத வெள்ளை. திடீரென்று அந்த வெள்ளைக்குள் ஒரு நிறம் தெரிந்தது. ரோஸ். கல்யாண வீட்டுப் பஞ்சுமிட்டாயைத் தண்ணீரில் கரைத்துச் சுவரில் ஊற்றியதுபோல் ஒரு ரோஸ். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே கத்தினார்:

"ரோஸ் ஊடு, ரோஸ் ஊடு. எறங்குறவங்க எந்திரிங்க."

பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒரு டீச்சர், அரிசி மூட்டையோடு ஒருவர் என்று சின்னக் கூட்டமே இறங்கியது. நானும் இறங்கினேன். எல்லோரும் வீட்டின் பக்கவாட்டில் இருந்த ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் பள்ளத்துக்குள் மறைந்தார்கள். நான் மட்டும் அந்த ரோஸுக்கு முன்னால் நின்றேன். செல்வியின் அம்மா வீடு, நான் மறைக்க வேண்டிய வீடு, அதுதான்.

செல்வியின் அம்மா பெயர் பொன்னம்மாள். அந்தப் பெயரை ஆதார் அட்டையைத் தவிர வேறு யாரும் உபயோகிப்பதில்லை. மலை கிராமங்களில் அரசு நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் நர்ஸம்மா. அறுபது தாண்டியவர். பார்த்தவுடன் என் நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினேன். "பரோட்டாவா?" என்றார்.

இரவுச் சாப்பாடு சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். வேளச்சேரியில் இதே சாமையை டயட் என்ற பெயரில் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுகிறோம். இங்கே மூன்றாவது முறை வாங்கும்போது நர்ஸம்மா குண்டானைச் சாய்த்துக் காட்டி, "இஞ்சினீரு, நாளைக்கும் ஆக்குவேனுங்க" என்றார்.

சாப்பிட்டதும் படத்தை விரித்தேன். பெருமைக்குரிய படம். ரோட்டுக்குக் கீழே நிலம் சரிவாக இறங்குகிறது. அந்தச் சரிவை வெட்டித் தட்டையாக்காமல், படிப்படியாக இறங்கும் மூன்று தளம். நிலத்தில் கிடைக்கும் கல்லிலேயே சுவர். கூரைமேல் மண், மண்மேல் புல். பலா மரத்தை வெட்டாமல் அதைச் சுற்றி வளைந்து போகும் சமையலறை. ரோட்டில் நிற்பவனுக்கு வெறும் புல்வெளிதான் தெரியும்.

நர்ஸம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"ஏனுங்க, உள்ள வெளிச்சம் வருங்களா, இல்ல எலி வளையாட்டம் இருக்குங்களா?"

பள்ளத்தாக்கைப் பார்த்தபடி முழுக்க ஜன்னல் என்றேன்.

"கூரைமேல புல்லுன்னா மாடு ஏறி மேயுமே?"

அதை நான் யோசிக்கவில்லை. ஓரத்தில் முள்வேலி வைக்கலாம் என்றேன்.

"பாத்ரூம் ஊட்டுக்குள்ளயே வருதுங்களா?"

வருகிறது என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது, மற்ற தளங்களையெல்லாம் நான் வரைந்திருக்கவே வேண்டாம் என்று தோன்றியது. பனியில் கொல்லைக்குப் போய் வரும் முழங்காலுக்குத்தான் உள்ளே ஒரு பாத்ரூமின் அருமை தெரியும். "அப்பக் கட்டிப்போடலாமுங்க" என்றார். ரோஸ் வீட்டை இடித்துவிட்டு, அதன் கல்லையும் ஓடுகளையும் கீழே உபயோகிப்பதாக முடிவானது.

மறுநாள் காலை வெயில். மலையை அப்போதுதான் பார்த்தேன். சில்வர் ஓக் மரங்கள் நெட்டுக்குத்தாக நிற்க, அவற்றைக் கட்டிப்பிடித்து மிளகுக்கொடி ஏறியிருந்தது. கீழே காபிச் செடி, நடுவே வாழை, எங்கோ அன்னாசி. ஒன்றன்மேல் ஒன்றாக இத்தனை குடித்தனம். ஆனாலும் சண்டை இல்லை. எங்கள் அடுக்குமாடியில் மோட்டார் போடுவது யார் என்பதற்கே வாட்ஸப்பில் போர் நடக்கிறது.

ஊர் வீடுகளைச் சுற்றிப் பார்த்தேன். எல்லாம் இப்போது காங்கிரீட். கிளிப்பச்சை, ஊதா, மாம்பழ மஞ்சள். இப்படி ஒரு பச்சை மலையில் வாழ்ந்துகொண்டு எதற்கு இந்த நிறங்கள் என்று கொத்துவேலை செய்துகொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு மலையைக் காட்டினார்.

"இத்தனை பச்சையத் தெனமும் பாக்குறமுங்க. ஊட்டுலயாச்சும் வேற கலரைப் பாக்க வேண்டாமுங்களா?"

குறித்துக்கொண்டேன். எதற்கு என்று தெரியவில்லை. அந்த ஊதா மட்டும் தப்பு என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மத்தியானம்தான் அந்த யோசனை வந்தது. ரோஸ் வீடு மறைந்தால் ரோட்டிலிருந்து இடம் எப்படி இருக்கும் என்று செல்விக்குப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டரில் செய்யலாம். ஆனால் நான் கம்ப்யூட்டரில் மரம் வரைந்தால் முட்டைக்கோஸ் மாதிரி வரும். எதிர்த் தோட்டத்தில் மிளகு நாற்றுக்கு நிழல் போடும் பச்சை வலை சுருள் சுருளாகக் கிடந்தது. நர்ஸம்மா ஒரு வார்த்தை சொன்னதும் தந்தார்கள். ஆள் பிடித்து வீட்டின் முகப்பு முழுக்கக் கூரையிலிருந்து தரைவரை மூடினோம். மேலே சில்வர் ஓக் கிளைகளை ஒடித்துச் செருகினேன். நர்ஸம்மாவே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "இக்கட்ட ஒரு கிளை வைங்க, ரோஸு எட்டிப் பாக்குது" என்று உற்சாகமாக மேற்பார்வை செய்தார்.

ரோட்டைத் தாண்டிப் போய் நின்று பார்த்தோம். வீடு இல்லை. மேகம் ஒன்று இறங்கி மிச்சத்தையும் துடைத்தது. இருபத்தெட்டுப் படங்கள் எடுத்தேன். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சிறந்த வேலை அது என்பதையும், அதில் நான் எதையுமே கட்டவில்லை என்பதையும் அப்போது கவனிக்கவில்லை.

நர்ஸம்மா வீட்டில் சிக்னல் கிடையாது. படங்களை அனுப்பச் சோளக்காட்டுக்குப் போனேன். மறுநாள் காலை வெளிச்சத்திலும் ஒரு படம் எடுக்கலாம் என்று வலையை அப்படியே விட்டுவிட்டேன்.

சோளக்காட்டுச் சந்தையில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்கிறார்கள். பாறையில் வளரும் கிழங்கு. ரோமம் போர்த்தி, பார்ப்பதற்கு ஆட்டின் கால் மாதிரியே இருக்கும். மிளகு தூக்கலாகப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கத் தருகிறார்கள். மூட்டுவலி போகும் என்றார் கடைக்கார அம்மா. எனக்கு மூட்டுவலி இல்லை என்றேன். "குடிங்க கண்ணு, வாரப்ப வராம இருக்கும்" என்றார். இரண்டு டம்ளர் குடித்தேன். படங்கள் போய்ச் சேர்ந்தன. செல்வியிடமிருந்து பதில் வந்தது: "கடைசியா அந்த ரோஸ் ஒழிஞ்சுது. நன்றி சார்." கூடவே கண்ணீரோடு சிரிக்கும் மூஞ்சிகள்.

ஜெயித்த மிதப்பில் சாயங்கால பஸ் ஏறினேன். நேற்று இறங்கிய அதே கூட்டம்: பிள்ளைகள், டீச்சர், மூட்டைக்காரர். டீச்சர் பெயர் அருள்மேரி. கீழே சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்து, நர்ஸம்மா வீட்டுக்குக் கீழே உள்ள ஊரில் வாடகைக்கு இருப்பவர். மூட்டைக்காரர் ராசு. இன்றைக்கு அவரிடம் மாட்டுத் தீவனம். டிரைவர் புதியவர், அந்த வாரம்தான் இந்த ரூட்டுக்கு வந்தவராம். கண்டக்டர் பின் சீட்டில், கூடையிலிருந்து தப்பித்த ஒரு சேவலுக்கும் அதன் சொந்தக்காரருக்கும் நடுவே இருந்தார். வெளியே வெள்ளை. பஸ் ஊர்ந்தது.

நெடுநேரம் கழித்து அருள்மேரி டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.

"கண்டக்டர், ரோஸ் வீடு போயிடுச்சா?"

"இன்னும் வரலீங்க டீச்சர்" என்றார் கண்டக்டர், சேவலோடு. "வந்தாத் தெரியாதுங்களா?"

வந்தால் தெரியாது. தெரியக்கூடாது என்பதற்குத்தான் நான் கிளையெல்லாம் செருகியிருக்கிறேன்.

தாண்டி வந்துவிட்டோம் என்று தெரிந்து பஸ் நின்றபோது மலையின் வேறொரு வளைவில் இருந்தோம். ஒருபுறம் பாறை, ஒருபுறம் பள்ளம். அங்கே திருப்ப முடியாது. டிரைவர் பாவமாகத் திரும்பிப் பார்த்து, "ரோஸ் ஊட்ல நிறுத்துன்னு சொல்லித்தாங்க அனுப்புனாங்க. கண்ண நட்டுக்கிட்டுத்தான் வந்தேன். ரோஸையே காணமுங்க" என்றார். ரோஸ் வீட்டில் இறங்க வேண்டியவர்கள் எல்லோரும் இறங்கித் திரும்பி நடந்தோம்.

பனியில் நடை. முன்னால் போகிறவரின் முதுகு மட்டும்தான் உலகம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மற்றவர்களுக்கு இல்லை. கடைசி பஸ்ஸில் வருகிறவர்கள் இப்படி இருட்டும் நேரத்தில் காட்டுப்பன்றி திரியும் ரோட்டில் தினமும் நடக்க முடியாது என்று டீச்சர் சொன்னார். வழியில் எதிரே பைக்கில் வந்த ஒருவர், யாரோ நர்ஸம்மா வீட்டைப் பச்சைத் துணி போட்டு மூடியிருப்பதாகச் சேதி சொல்லிவிட்டுப் போனார்.

"எவன் அவன்?" என்றார் ராசு, மூட்டையைத் தோள் மாற்றி. "மூளைங்கறது இருக்குதா அவனுக்கு?"

"கொஞ்சம்கூட இல்லை" என்றேன். கூட்டத்தில் நான் மட்டும் பேசாமல் வந்தால் சந்தேகம் வரும் அல்லவா. "இப்படிப்பட்டவர்களை எல்லாம் மலையேறவே விடக்கூடாது."

"நல்லாச் சொன்னீங்க. நீங்க எங்கிருந்துங்க வாரீங்க?"

பனியை அவ்வளவு நேசித்தது அன்றைக்குத்தான்.

ரோஸ் வீட்டை நெருங்கும்போது ரோட்டில் டார்ச் வெளிச்சம் ஆடியது. நர்ஸம்மா. அவர் கையைக் காட்டியும் பஸ் அவரைக் கடந்து போயிருக்கிறது. முதல் வேலையாகப் பிள்ளைகளை எண்ணினார். பிறகு டார்ச்சை நேராக என் முகத்தில் அடித்தார்.

"ஏனுங்க இஞ்சினீரு, உங்க துணியால பஸ்ஸே போயிருச்சேங்க."

ராசு என் அருகில் வந்தார். தோளிலிருந்த மூட்டையை இறக்கி, பத்திரமாக, பிரியமாக, என் தலையில் வைத்தார். பள்ளத்துப் பாதை நல்ல செங்குத்து. ஊரின் கடைசி வீடு அவருடையது.

அன்று இரவு சாமைச் சோறு இருந்தது. நர்ஸம்மா கேட்காமலே மூன்றாவது முறையும் வைத்தார். நேற்றைய கிண்டல் இல்லை. அது கோபத்தின் அடையாளம் என்று புரிந்தது. காலையில் வலையை அவரே அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இந்த ஊடே போதுமுங்க" என்றார். "புதுசு வேண்டாம்."

ரோட்டோரம் ஒரு போர்டு வைத்தால் போச்சு என்றேன்.

"என்னன்னு எழுதுவீங்க? அது ஸ்டாப்பே இல்லீங்க. ஆபீஸ்ல கேட்டா அப்படி ஒண்ணு கெடையாதும்பாங்க. ஒரு டிரைவரு அடுத்த டிரைவருக்கு, ரோஸ் ஊட்ல நிறுத்துன்னு சொல்லிப்போட்டுப் போவாரு. அவ்வளவுதான். ஊடு இல்லைன்னா அந்தப் பேச்சே இல்லீங்க."

பிறகுதான் கதை வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துச் சோளக்காட்டிலிருந்து தூக்கி நடந்து வருவாராம். வீட்டு முன்னால் நிறுத்துங்கள் என்று கெஞ்சினால், பனியில் எது உங்கள் வீடு என்று எப்படித் தெரியும் என்று டிரைவர்கள் போய்விடுவார்களாம். அந்தச் சமயத்தில் மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் பெயிண்ட் கடை வைத்திருந்த ரஹீம் பாயிடம் யாரும் வாங்காத ரோஸ் பெயிண்ட் தேங்கிக் கிடந்தது.

"கண்ணுல படலீன்னு இனி ஒருத்தனும் சொல்லப்படாதுன்னு அடிச்சேனுங்க. அப்புறம் வெளுக்குற ஒவ்வொருக்காவும் அதே கலரு." வலையைச் சுருட்டினார். "பாருங்க, எனக்கே மறந்துபோச்சு. ஊட்டுக்கு அடிச்சதுன்னே நெனச்சுட்டிருந்தேன். பஸ்ஸுக்கு அடிச்சதுங்க அது."

அவருக்கு அந்தப் புது வீடு பிடித்திருந்தது. சமையலறை பலா மரத்தைச் சுற்றி வளையும் இடத்தில் முந்தாநாள் இரவு விரலை வைத்து வைத்துப் பார்த்ததை நான் கவனித்திருந்தேன். உள்ளே வரும் பாத்ரூமை விட்டுக்கொடுத்துவிட்டு அவர் வலையைச் சுருட்டுகிறார். அங்கே உட்கார்ந்து பழைய வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பின்புறமும் பக்கங்களும் வெறும் சாம்பல் நிறம். அந்த மூன்று பக்கமும் பெயிண்டே அடித்ததில்லை. ரோஸ் என்பது ரோட்டைப் பார்த்த ஒரே ஒரு சுவர். அது மட்டும்தான் 'ரோஸ் வீடு'.

குழாயிலிருந்து படத்தை எடுத்து, புல் கூரைக்கு மேலே, ரோட்டோரத்தில் ஒரு கோடு போட்டேன். பழைய முகப்புச் சுவர் அப்படியே நிற்கட்டும். முன்பக்கம் ரோஸ், மழைக்கு ஒதுங்க ஒரு சின்னக் கூரை. பின்பக்கம் முழுக்க மிளகுக்கொடி. வீடு அதற்குப் பின்னால், கீழே, கண்ணில் படாமல்.

செல்வியிடம் அனுமதி வாங்க வேண்டும். இரண்டு பேரும் பஸ் ஏறிச் சோளக்காட்டுக்குப் போய், சூப் கடை ஓரமாக நின்று வீடியோ கால் போட்டோம். பஸ் போன கதையைச் சொன்னேன், மூட்டையைத் தவிர்த்து. நர்ஸம்மா மூட்டையைச் சேர்த்துக்கொண்டார். செல்வி சிரிக்கவில்லை.

"சார், ஸ்கூல் முடிக்கிற வரைக்கும் எனக்குப் பேரே கெடையாது. கண்டக்டர்ல இருந்து ஹெட்மாஸ்டர் வரைக்கும் ரோஸுன்னுதான் கூப்பிட்டாங்க. லவ் லெட்டர்கூட ரோஸுக்குத்தான் வந்துச்சு. நான் இவ்வளவு தூரம் வந்ததே அந்தக் கலருக்குப் பயந்துதான்."

"கண்ணு" என்றார் நர்ஸம்மா, போனைக் காதில் வைத்து, திரையில் தன் காதை மட்டும் காட்டியபடி. "ஊடு உனக்குப் புடிச்சாப்ல இருக்கட்டும். செவுரு ஒண்ணு மட்டும் எனக்கு உடு. அதுவும் இல்லைன்னா நான் ஊட்ட மாத்தல."

செல்வியின் குரல் என்னிடம் திரும்பியது.

"வீட்டுக்குள்ள இருந்து பார்த்தா அந்தச் சுவர் தெரியுமா?"

"தெரியாது."

"எந்த ஜன்னல்ல இருந்தும்?"

"பாத்ரூம் ஜன்னலிலிருந்துகூடத் தெரியாது."

"கலரைக் கொஞ்சம் டல்லாவாவது..."

"டல்லா அடிச்சா டிரைவரும் டல்லாத்தான் பாப்பாரு" என்றார் நர்ஸம்மா. அதற்குத்தான் செல்வி சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கையெழுத்தாக எடுத்துக்கொண்டேன்.

வீடு எழும்பியதும் சுவருக்குப் புதுப் பூச்சு வேண்டியிருந்தது. பழைய சுவரில் சுரண்டிய துணுக்கைக் காகிதத்தில் மடித்துக் கண்டக்டர் மூலம் ரஹீம் பாய்க்கு அனுப்பினோம். சோளக்காட்டில் எனக்குச் சிக்னல் கிடைத்தபோது அவர் போனில் கூப்பிட்டார்: "இதைச் செஞ்ச கம்பெனியே இப்ப இல்லீங்க. மிஷின்ல கலந்து தாரேன். என் மிஷின் இப்படி ஒரு கலரை இதுவரைக்கும் பார்த்ததில்லீங்க, பயந்துக்கும்." மிஷின் பயந்தாலும் நிறம் சரியாகவே வந்தது.

அடுத்த பனிக்காலத்தில் முடிந்த வீட்டைப் பார்க்கப் போனேன். பரோட்டா சாப்பிடவில்லை, அந்த அளவுக்குப் படித்துவிட்டேன். சாயங்கால பஸ், அதே வெள்ளை. டிரைவரும் கண்டக்டரும் நான் பார்த்திராதவர்கள். பஸ் ஊர்ந்துகொண்டே வந்தது. நான் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டிருந்தேன், வளைவுக்காக அல்ல. ஹெட்லைட் எதையோ தொட்டது. வெள்ளைக்குள் அந்த ரோஸ் மலர்ந்தது. பிரேக் பிடித்தது.

"ரோஸ் ஊடு. எறங்குறவங்க எந்திரிங்க."

மலைக்குப் புதிதாக வந்த ஒருவர் என் பக்கத்தில் எட்டிப் பார்த்தார். "ஊட்டையே காணமேங்க. வெறும் செவுருதான நிக்குது?"

"அதுதாங்க ஊடு" என்றார் கண்டக்டர்.

பிள்ளைகள் இறங்கினார்கள். அருள்மேரி டீச்சர் இறங்கினார். பின்னாலேயே நானும். சுவரோரம் கூரைக்கு அடியில் நர்ஸம்மா டார்ச்சோடு நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் எங்கேயோ, மண்ணுக்கும் புல்லுக்கும் அடியில், பலா மரத்தைச் சுற்றி வளைந்துகொண்டு, என் தொழிலின் மிக நல்ல வீடு கண்ணில் படாமல் இருந்தது. அத்தனை பேரில் அதைப் பார்க்க வந்தவன் நான் ஒருவன்தான். வரைபடக் குழாயைச் சரிசெய்துகொண்டு அந்தப் பக்கம் திரும்பினேன்.

"இஞ்சினீரு" என்றார் கடைசியாக இறங்கிய ராசு. தோளில் மூட்டை இருந்தது. "வாங்க, நேரத்துலதான் வந்திருக்கீங்க."